90 நாள் ஜெபக் குறிப்பேடு: எழுதி முடித்த பின் ஒரு மதிப்பீடு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த ஆறாவது வாரத்தில், என் தங்கை இந்தக் குறிப்பேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட அடைப்பு அவருடைய வலக்கையின் பலத்தையும் பேச்சையும் ஒருசேரப் பறித்திருந்த நேரம் அது. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அது அவர் கண்ணிலேயே தெரியும். சொல் மட்டும் வராது. அந்த நாட்களில் எங்களைப் பார்க்க வந்தவர்களில் 'நம்பிக்கையோடு இருங்கள்' என்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை. காலையில் எழுந்து அதை எங்கே தொடங்குவது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. இந்தக் குறிப்பேடு அதற்கு வழிகாட்டுவதாக அட்டையிலேயே வாக்குக் கொடுக்கிறது. கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்துவிட்ட நிலையில், அந்த வாக்கை அது எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்பதை, இதுபோன்ற ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இவ்வகைக் குறிப்பேடுகள் பலவும் ஏறத்தாழ ஒரே அமைப்பில் வருவதால், நான் சொல்லும் நிறைகுறைகள் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் கட்டமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நூல் தைத்த கட்டு என்பதால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தானாக மூடிக்கொள்ளாமல் விரிந்தே கிடக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் மடியில் வைத்து எழுதுபவர்களுக்கு இது பெரிய உதவி. தாள் மட்டும் மெல்லியது. மைப்பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறிவிடுகிறது என்பதால் இரண்டாம் நாளே பந்துமுனைப் பேனாவுக்கு மாறிவிட்டேன். பக்கங்களில் தேதி அச்சிடப்படவில்லை, நாளின் எண் மட்டுமே இருக்கிறது. எழுதாமல் விட்ட நாளுக்காக வெற்றுப் பக்கம் நம்மைக் குற்றம் சாட்டிக்கொண்டு இருப்பதில்லை. 90 நாள் பக்கங்களை முடிக்க எனக்கு 113 நாட்கள் ஆயின. தேதி அச்சிட்டிருந்தால் பாதியிலேயே கைவிட்டிருப்பேன் என்பது உறுதி.

ஒவ்வொரு நாளுக்கும் எதிரெதிரான இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தில் ஒரு வேதவசனமும், அதன் கீழே தடித்த எழுத்தில் இரண்டு வரி விசுவாச அறிக்கையும் இருக்கின்றன. வலப்பக்கத்தில் நாம் நிரப்ப வேண்டிய நான்கு கட்டங்கள்: இன்று எதற்காக நன்றி சொல்கிறேன், இன்று என் முன் நிற்கும் தடை என்ன, அதைக் குறித்துக் கடவுளிடம் என்ன கேட்கிறேன், இன்று நான் எடுத்துவைக்கும் ஓர் அடி எது. எல்லாவற்றுக்கும் கீழே, பக்கத்தின் விளிம்பை ஒட்டி, 'பதில் கிடைத்த தேதி' என்று ஒரு சிறு கோடு. இந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

இக்குறிப்பேட்டின் உயிர் தடையை எழுதச் சொல்லும் இரண்டாவது கட்டத்திலும், ஓர் அடியைக் கேட்கும் நான்காவது கட்டத்திலும் இருக்கிறது. முதல் வாரம் முழுவதும் இரண்டாவது கட்டத்தில் 'அவருடைய உடல்நிலை' என்றே எழுதி வந்தேன். அதே சொல்லை ஏழு நாள் தொடர்ந்து பார்த்தபோதுதான், அது எதையுமே சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. எட்டாம் நாள் சற்று நிதானித்து இப்படி எழுதினேன்: 'தண்ணீர் வேண்டும் என்று கேட்க அவருக்கு நான்கு நிமிடம் ஆகிறது. அதற்குள் நான் போர்வை, மாத்திரை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக நீட்டிவிடுகிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.' எழுதி முடித்து வாசித்தபோது, தடையின் ஒரு பாதி என் அவசரத்தில் இருப்பது தெரிந்தது. 'அவருக்குப் பேச்சைத் திருப்பித் தாரும்' என்று மட்டுமே கேட்டுவந்த மூன்றாவது கட்டத்தில், அன்று முதன்முறையாக 'எனக்குப் பொறுமையைத் தாரும்' என்று சேர்த்தேன். நான்காவது கட்டத்தில், அவர் வாயைத் திறந்த பிறகு மனத்துக்குள் இருபது எண்ணும் வரை கையை அசைக்க மாட்டேன் என்று எழுதினேன்.

அன்று மாலை அவர் உதட்டைக் குவித்தபோது எண்ணத் தொடங்கினேன். பதினான்கில் 'த' என்ற ஒலி வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு இடக்கையால் என் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தார். விசுவாசம் என்பது பெரிய காரியங்களை எதிர்பார்ப்பது என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தேன். அவருக்குள் ஒரு சொல் இருக்கிறது, அது வருவதற்கு நேரம் கொடுக்கலாம் என்று நம்பி இருபது எண்ணுவதும் அதே விசுவாசம்தான் என்பதை இந்தக் கட்டங்களின் வழியாகவே கண்டுகொண்டேன். இதற்காக மட்டுமே இக்குறிப்பேட்டை மனதாரப் பரிந்துரைப்பேன்.

நான்காவது கட்டம் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுலகிலும் ஒரு விளக்கம் உண்டு. இடர் வரும்போது பக்தியுள்ளவர்கள் நடந்துகொள்ளும் முறையை உளவியலாளர் கென்னத் பார்கமெண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988-இல் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது ஒரு வகை. எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது இன்னொரு வகை. கடவுளோடு சேர்ந்து உழைப்பதாகக் கருதித் தன் பங்கைச் செய்வது மூன்றாவது வகை. வேண்டுதலை எழுதச் சொல்லிவிட்டு, அதை அடுத்தே 'இன்று நீ எடுத்துவைக்கும் அடி எது' என்று கேட்கும் இந்தப் பக்கம், நம்மை மூன்றாவது வகைக்குள் ஒவ்வொரு காலையும் மெல்லத் தள்ளிவிடுகிறது. என் அடிகள் எல்லாம் மிகச் சிறியவை. பேச்சுப் பயிற்சிக்குப் போகும்போது மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்வது ஒன்று. பட அட்டைகள் அவருக்குச் சரியாகத் தெரியாமலே இரண்டு வகுப்புகள் வீணாகப் போயிருந்தன. பிற்பகலில் ஒரு மணி நேரம் தங்கையை அமர்த்திவிட்டு நான் உறங்குவது இன்னொன்று.

இனிக் குறைகள். இடப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விசுவாச அறிக்கைகளில் பாதிக்கு மேற்பட்டவை எனக்கு உதவவில்லை. சில என்னைப் புண்படுத்தின. 31-ஆம் நாளின் அறிக்கை, இன்று என் வழியில் உள்ள தடைகள் யாவும் விலகிப்போகும் என்ற பொருளில் அமைந்தது. அன்று விடியற்காலையில் அவர் கட்டிலிலிருந்து தானாக இறங்க முயன்று விழுந்திருந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் தரையில் கிடந்தபடி, கூப்பிடவும் சொல் வராமல், கட்டில் காலைத் தட்டித் தட்டி என்னை எழுப்பியிருக்கிறார். அந்தச் சத்தம் காதில் இருக்கும்போது அந்த இரண்டு வரிகளை என்னால் உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்டது என் விசுவாசக் குறைவோ என்று நாள் முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே சுமை தாங்காமல் இருப்பவர் மேல் இந்த உறுத்தலையும் ஏற்றுவது, குறிப்பேட்டை உருவாக்கியவர்களின் நோக்கமாக இருந்திருக்காது. ஆனால் விளைவு அதுதான்.

நடக்கும் என்று எதிர்பார்ப்பதும், நடந்துவிட்டதாகக் கற்பனையில் திளைப்பதும் ஒன்றல்ல. கேப்ரியல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று, இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றியது. தேறிவிடுவோம் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். முழுமையாகத் தேறி ஓடியாடுவதாக இனிய கனவுகளில் மூழ்கியவர்களின் தேறுதல் அவ்வளவு நன்றாக இல்லை. கனவிலேயே மனம் நிறைந்துவிட்டால், வலிக்கும் காலை ஊன்றிப் பழக வேண்டிய முயற்சி தளர்ந்துவிடும் என்பது இதற்கு அவர் தரும் விளக்கம். இதை வாசித்தபோது எனக்கு இக்குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களும் நினைவுக்கு வந்தன. வலப்பக்கம் எதிர்பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. இடப்பக்கம் சில நாட்களில் கனவு காணச் சொல்கிறது. ஒரே ஏட்டுக்குள் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன.

இவ்வளவுக்கும் வேதத்திலேயே வேறு மாதிரி இருக்கிறது. பதின்மூன்றாம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான். அவற்றின் தொடக்கத்தில், எதுவரைக்கும் என்ற கேள்வி கடவுளை நோக்கி நான்கு முறை எழுகிறது. மறந்துவிட்டீரா என்று முகத்துக்கு நேராகக் கேட்டு, கண்களைத் தெளிவாக்கும்படி மன்றாடி, அதன் பிறகே ஐந்தாம் வசனத்தில் நம்பிக்கைக்கு வந்து சேர்கிறது. முறையிட்டவனை அந்தப் பாடல் கடிந்துகொள்ளவில்லை. முறையீடும் ஜெபம்தான் என்று எத்தனையோ தலைமுறையாக அதைப் பாடிவந்தவர்கள் அறிந்திருக்கிறார்கள். 90 நாட்களுக்கான வசனங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தச் சங்கீதத்திலிருந்து கடைசி வசனத்தை மட்டும் எடுத்து 52-ஆம் நாளுக்கு வைத்திருக்கிறார்கள். முன்னுள்ள வசனங்களை நான் ஓரத்தில் என் கையால் எழுதிக்கொண்டேன்.

கட்டங்களின் வரிசையிலும் இதே குறை இருக்கிறது. நன்றியை முதலில் எழுதச் சொல்வதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டு வந்தவர்களின் மனநிலை மேம்பட்டது. அவர்களில் நரம்புத்தசை நோயோடு வாழ்பவர்களும் இருந்தார்கள். என் அனுபவமும் சாதாரண நாட்களில் அப்படித்தான். வலக்கையின் சுட்டுவிரல் முதன்முறையாக அசைந்ததை நன்றிக் கட்டத்தில் எழுதிய காலையை நான் மறக்க மாட்டேன். ஆனால் மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நாளில், முதல் கட்டத்தில் எழுதும் நன்றி உதட்டளவில் நின்றுவிடுகிறது. இரண்டாவது மாதத்திலிருந்து இரண்டாவது கட்டத்தை முதலில் நிரப்பி, நன்றியைக் கடைசிக்குத் தள்ளினேன். தடையைக் கொட்டித் தீர்த்த பிறகு எழுதிய நன்றிகள் குறைவாகவே இருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

இப்படிக் கொட்டித் தீர்த்த உடனே மனம் இலேசாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். தன் துயரத்தை 15 நிமிடம் வீதம் தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொல்லி ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதிய கையோடு மனம் மேலும் கனத்ததாகவும், பின்வந்த மாதங்களில்தான் பலன் தெரிந்ததாகவும் கண்டார்கள். எனக்கும் எழுதி முடித்த சில இரவுகளில் உறக்கம் வரவில்லை. அதன் பிறகு நான் காலையில் மட்டுமே எழுதினேன்.

இப்போது அந்தச் சிறு கோட்டுக்கு வருகிறேன். 'பதில் கிடைத்த தேதி' என்ற அந்த வரி, வேண்டுதலை நிறைவேறியது என்றும் நிறைவேறாதது என்றும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்த பதில்கள் அப்படிப் பிரித்து எழுதும்படி வரவில்லை. 44-ஆம் நாள் மாலை, நான் வழக்கம்போல் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்தது. சற்றுக் கம்மிய குரல். ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. தண்ணீர் என்ற சொல்லை முழுதாகச் சொல்ல முடியாத மனிதர், அந்த ஜெபத்தை ஆமென் வரை என்னோடு சொல்லி முடித்தார். முடித்ததும் நான் அவரிடம் என் பெயரைச் சொல்லச் சொன்னேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை. இருவரும் அழுதோம்.

மறுநாள் பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். வயதில் என் மகளைப் போன்ற அந்தப் பெண் ஆச்சரியப்படாமல், மகிழ்ச்சியோடு விளக்கினார். நாமாகச் சொற்களைத் தேடிக் கோத்துப் பேசுவது வேறு. எண்களை வரிசையாகச் சொல்வது, கிழமைகளைச் சொல்வது, சிறுவயதிலிருந்து மனப்பாடமான ஜெபத்தையும் பாட்டையும் சொல்வது வேறு. பேச்சிழப்பு வந்த பலருக்கு முன்னது சிதைந்தாலும் பின்னது மிஞ்சியிருக்கும். மிஞ்சியிருக்கும் இசைத்திறனைப் பற்றிக்கொண்டு, சிறு தொடர்களை இராகம் போட்டு இழுத்துச் சொல்லவைக்கும் பயிற்சி முறையை அமெரிக்க ஆய்வாளர்கள் 1973-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். "இது நல்ல ஆரம்பம்மா, இதைப் பிடிச்சுக்கிட்டே போகலாம்" என்றார். அன்றிலிருந்து 'தண்ணி வேணும்' என்ற தொடரை இரண்டே சுரத்தில், இடக்கையால் தாளம் தட்டியபடி அவர் பழகத் தொடங்கினார்.

என் உறவினர் சிலர் இதை அற்புதம் என்றார்கள். சிலர், மூளை வேலை செய்யும் விதம்தானே, இதில் கடவுளுக்கு என்ன பங்கு என்றார்கள். விளக்கம் கிடைத்ததால் என் நன்றியில் ஒரு துளியும் குறையவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகனுக்கு நாள்தோறும் மாலையில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், மற்றெல்லாச் சொற்களும் போன பிறகும் அவருக்குள் காக்கப்பட்டிருந்தன. அவை ஒளிந்திருந்த இடத்தை அந்தப் பெண் எனக்குச் சொன்னார். யார் காத்தார் என்பதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. ஆனால் 'பதில் கிடைத்த தேதி' என்ற கோட்டில் நான் எதை எழுதுவது? பேச்சைத் திருப்பித் தாரும் என்று கேட்டேன். ஒரு ஜெபத்தின் அளவுக்குப் பேச்சு கிடைத்தது. அந்தக் கோட்டை வெறுமையாகவே விட்டுவிட்டு, அன்றைய ஓரத்தில் நடந்ததை முழுவதும் எழுதினேன். 90 பக்கங்களில் பன்னிரண்டில் மட்டுமே நான் தேதி எழுதியிருக்கிறேன்.

யாருக்கு இது ஏற்றது என்று கேட்டால், நீண்ட நாள் நீடிக்கும் ஒரு சோதனையின் நடுவில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏற்றது. இழப்பு நேர்ந்த முதல் நாட்களில் இருப்பவருக்கு இதைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். கட்டம் நிரப்பும் நிலையில் அவர் இருக்க மாட்டார், பக்கத்தில் உட்காருவதே போதும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பார்த்துக்கொள்பவர்களும் அதற்குத் தப்புவதில்லை. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். இத்தனை பக்கங்கள் கொண்ட ஏட்டில் இதற்கென ஒரு வரிகூட இல்லாததை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். மருத்துவரிடம் போவதும் 'இன்று நான் எடுத்துவைக்கும் அடி'தான் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

முடித்த பிறகு இதே குறிப்பேட்டை மறுபடி வாங்கவில்லை. கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்து நானே கட்டங்கள் வரைந்துகொண்டேன். தடை முதலில், பிறகு வேண்டுதல், பிறகு அடி, கடைசியில் நன்றி. விசுவாச அறிக்கைக்கும் பதில் தேதிக்கும் இடம் விடவில்லை. தலைப்பில் தேதி எழுதும் வேலை அவருடையது. பேச்சிழப்பு எழுத்தையும் பாதிக்கும் என்பதால், நாட்காட்டியைப் பார்த்து, இடக்கையால், ஒவ்வோர் எண்ணாக எழுதுகிறார். ஒரு தேதியை முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகிறது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். இன்றைய பக்கத்தில் 8 மட்டும் கோட்டைத் தாண்டி என் கட்டத்துக்குள் வந்திருக்கிறது. அதைச் சுற்றி எழுதிக்கொண்டேன்.